கண்ணாடியில் தெரிந்த விளக்கு

நாமக்கல் பக்கத்தில் முன்பு ஒரு வண்டிக் கூட்டம் இருந்தது. ஆறேழு மோட்டார் சைக்கிள்கள், ஒரே ஒரு ஸ்கூட்டர். மழை ஓய்ந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து எல்லாம் சேர்ந்து கொல்லிமலைக்குப் போகும். மேலே புல்வெளியில் சோறு சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடும்.

வண்டிகளின் முதுகில் மனிதர்களும் இருந்தார்கள். தாங்கள்தான் ஓட்டுகிறோம் என்ற நினைப்பில் அவர்கள் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அப்படியே விட்டுவிடுவோம். அவர்களுக்குப் பசித்தால் வண்டிகளுக்கும் பசிக்கும் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

மலை ஏறுவதிலும் இறங்குவதிலும் அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்தப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பகலானாலும் விளக்கு எரிய வேண்டும். ஒவ்வொரு வளைவிலும், தனக்குப் பின்னால் வருகிற வண்டியின் விளக்கு கண்ணாடியில் தெரிந்த பிறகுதான் அடுத்த வளைவுக்கு நகர வேண்டும். தெரியாவிட்டால் நிற்க வேண்டும். ஒரு வண்டி நின்றால் அதற்கு முன்னால் போனது நிற்கும், அதற்கும் முன்னால் போனது நிற்கும், கடைசியில் எல்லோருக்கும் முன்னால் போகும் தலைவர் வண்டி ஜமீனே நின்றுவிடுவார். இதனால் யாரும் எல்லோரையும் பார்க்க வேண்டியதில்லை. பின்னால் வரும் ஒருவரைப் பார்த்துக்கொண்டால் போதும்.

அந்த வருடம் கரியன் என்ற புது வண்டி கூட்டத்தில் சேர்ந்தது. நல்ல கறுப்பு, அகலமான டயர், உறுமினால் டீக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்ப்பார். தன்னை முன்னால் விடுவார்கள் என்று கரியன் எதிர்பார்த்தான். காரவள்ளி அடிவாரத்தில் வரிசை சொன்ன ஜமீன் அவனைக் கடைசிக்கு முந்தின இடத்தில் போட்டார்.

"கடைசியா வெள்ளச்சி வர்றா. அவளுக்கு முன்னாடி நீ போ கரியா" என்றார்.

வெள்ளச்சிதான் அந்த ஸ்கூட்டர். காலடிப் பலகையில் பெரிய போசி நிறையத் தக்காளி சோறு, மேலே தயிர் வாளி. பின்னால் யாராவது அவசரப்படுத்தினால் சோறு சிந்தும் என்பதால் கடைசி இடத்தை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க, நான் ஸ்கூட்டருக்குக் காவலா?" என்று கரியன் முனகினான்.

"பஞ்சர் பெட்டியும் காத்தடிக்கிற பம்பும் உன் பையிலதான் இருக்குது. அதான்" என்றார் ஜமீன். அவர் பழைய வண்டி. ஒரு பேச்சை இரண்டு தடவை சொல்ல மாட்டார்.

வெள்ளச்சி சிரித்தாள். "மூஞ்சியத் தூக்காத கரியா. சோத்துக்கு முன்னாடி போறவனுக்கு எப்பவும் மரியாதை உண்டு. வாசம் முதல்ல உனக்குத்தான்."

ஏறினார்கள். கீழே வயல்கள் சிறுத்துக்கொண்டே போயின. வளைவுக்கு வளைவு குரங்குகள் சுவரில் உட்கார்ந்து போசியையே பார்த்தன. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி சுற்றியிருந்தது, காற்று குளிர்ந்தது. அழகான பாதைதான். கரியனுக்கு அதில் மனம் செல்லவில்லை. அவன் கணக்கு வேறாக இருந்தது. எழுபதாவது வளைவு தாண்டினால் சமதளம். அங்கிருந்து புல்வெளி வரை யார் வேண்டுமானாலும் முந்தலாம். முதலில் போகும் வண்டிக்குச் சாமந்தி மாலை போட்டு, பாறை மேல் நிறுத்திப் படம் எடுப்பார்கள். அந்தப் படம் அடுத்த வருடம் வரை எல்லோருடைய செல்போனிலும் இருக்கும்.

பாதி மலைக்கு மேல் பனிமூட்டமாக மஞ்சு இறங்கியது. ஒரு வளைவில் கரியனின் வலது கண்ணாடி பேசியது.

"நில்லு. வெள்ளச்சி விளக்கு அங்கயே நின்னுருச்சு."

கரியன் பிரேக் பிடித்தான்.

"விட்டு விட்டு எரியுது. கூப்புடறா" என்றது கண்ணாடி.

கரியனும் பார்த்தான். கீழ் வளைவில், மஞ்சுக்கு நடுவே, மஞ்சளாக ஒரு வெளிச்சம் எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. நின்றுவிடுவான் போலத்தான் இருந்தது. அப்போது மேலே மற்ற வண்டிகளின் சத்தம் தூரம் போவது கேட்டது.

"மஞ்சுல எதுவும் சரியாத் தெரியல" என்றான்.

"எனக்குத் தெரியுது."

"போசியச் சரி பண்றாளா இருக்கும். வந்துருவா."

"பம்பு உங்கிட்ட இருக்குது."

கரியன் பிரேக்கை விட்டான். வளைவு திரும்பியதும் கண்ணாடியில் வெறும் பாறை வந்தது.

இரண்டு வளைவு தாண்டி நெட்டை நின்றிருந்தான். வரிசையில் கரியனுக்கு முன்னால் போகிற உயரமான வண்டி. வழக்கப்படி கரியனின் விளக்குக்காகக் காத்திருந்தான்.

"ஏம்ப்பா இத்தனை நேரம்? பின்னாடி வெள்ளச்சி வர்றாளா?"

"வர்றா" என்றான் கரியன்.

ஒரே ஒரு சொல்தான். அதை நெட்டை நம்பினான், நெட்டையின் விளக்கைப் பார்த்து அவனுக்கு முன்னால் இருந்தவன் நம்பினான், அப்படியே ஜமீன் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வழக்கத்தின் பலமே அந்த நம்பிக்கைதான். ஓட்டையும் அங்கேதான் இருந்தது.

சமதளத்தில் கரியன் எல்லோரையும் முந்தினான். புல்வெளியில் மாலை போட்டார்கள். மாலை கைப்பிடியிலிருந்து சரிந்து வலது கண்ணாடியை மூடிக்கொண்டது. கரியன் அதை விலக்கவில்லை. படம் எடுத்தார்கள். "முதல் வருசமே மாலை வாங்கிட்டான் பாரு" என்று நெட்டை எல்லோரிடமும் சொன்னான். கேட்க இனிப்பாக இருக்கும் என்று கரியன் நினைத்திருந்தான். இருக்கவில்லை.

அருவிச் சத்தம் கேட்டபடி கொஞ்ச நேரம் சுற்றினார்கள். அன்னாசி வாங்கி வெட்டித் தின்றார்கள். அன்னாசி பசியைக் கிளப்பிவிட்டது.

"சோறு எங்கப்பா?" என்றது ஒரு குரல். வெள்ளச்சி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. சோறு எங்கே என்றுதான் கேட்டார்கள்.

ஜமீன் கரியனிடம் வந்தார். "அவளைக் கடைசியா எங்க பார்த்த?"

உண்மையைச் சொல்ல அது நல்ல நேரம். ஆனால் மாலை கழுத்தில் கிடந்தது. "கடைசி வளைவு வரைக்கும் பின்னாடியே வந்துட்டு இருந்தாளுங்க" என்றான்.

அதனால் ஜமீனும் நெட்டையும் கடைசி வளைவுக்குப் போய்த் தேடினார்கள். பள்ளத்தில் எட்டிப் பார்த்தார்கள். இல்லாத இடத்தில் தேடினால் எப்படிக் கிடைப்பாள்? வெறுங்கையோடு திரும்பினார்கள். ஜமீனின் முகம் கறுத்திருந்தது. இப்போது யாரும் சோற்றைக் கேட்கவில்லை. கரியன் எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளி நின்றான். கீழே அவள் எந்த நிலையில் கிடக்கிறாளோ என்ற பயம் ஒரு பக்கம். அவள் வந்துவிட்டால் என்ன சொல்வாளோ என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது. அதை உணர்ந்தபோது அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

வெயில் சாயத் தொடங்கியபோது பலாப்பழம் ஏற்ற வந்த காலி லாரி ஒன்று புல்வெளி ஓரம் நின்றது. அதன் மேல் கயிறு கட்டி நின்றுகொண்டிருந்தாள் வெள்ளச்சி. பின் டயர் சப்பையாக இருந்தது. வலது பக்கத்துச் சிமிட்டும் விளக்கு உடைந்து கம்பி தொங்கியது, பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல். போசி மட்டும் துணி கட்டியபடி அப்படியே இருந்தது.

"பஞ்சராயிருச்சு. வளைவுலயே உக்காந்துட்டேன்" என்றாள். "பஸ்ஸு ஒண்ணு இறங்குச்சு. மஞ்சுல என்னைப் பாக்கல. உரசிட்டுப் போயிருச்சு, அவ்வளவுதான். இன்னும் ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தா போசியும் இல்ல, நானும் இல்ல."

"எந்த வளைவு?" என்று கேட்டார் ஜமீன்.

"பாதி மலைக்குக் கொஞ்சம் மேல."

ஜமீன் மெதுவாகக் கரியன் பக்கம் திரும்பினார். "கடைசி வளைவு வரைக்கும் பார்த்ததாச் சொன்னானே இவன்."

கரியனுக்குப் பெட்ரோல் உறைந்துபோனது.

வெள்ளச்சிதான் முந்திக்கொண்டாள். "வேற யார் விளக்கையோ பார்த்திருப்பானுங்க. பின்னாடி ரெண்டு மூணு வண்டி வந்துச்சு. அந்த மஞ்சுல என் விளக்கு எங்க தெரியப்போகுது? தெரிஞ்சிருந்தா நின்னிருப்பான். அவனைத் திட்டாதீங்க, முதல் தடவை வர்றான். சோறு ஆறிப்போச்சு, வந்து சாப்புடுங்க முதல்ல."

கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. பசி அப்படி. ஜமீன்கூட, "சரி, மஞ்சுக்கு யார் என்ன பண்றது" என்று நகர்ந்துவிட்டார். நெட்டை வந்து கரியனின் பையைத் திறந்து பஞ்சர் பெட்டியையும் பம்பையும் எடுத்தான். "இது கீழ இருந்திருந்தா நிமிசத்துல ஒட்டிட்டு வந்திருப்பா, பாவம்" என்று சொல்லிக்கொண்டே போனான். அவன் குத்திக் காட்டவில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் கரியனுக்கு வலித்தது.

எல்லோரும் சாப்பிட்டார்கள். வெள்ளச்சி கரியனையும் கூப்பிட்டாள். "வாசம் முதல்ல உனக்குத்தான்னு சொன்னேனே. வா." தக்காளி சோறு நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். கரியனுக்கு ருசி தெரியவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் மாலையைக் கழற்றிப் பாறைக்குப் பின்னால் போட்டான். கண்ணாடி வெளியே வந்தது.

"நீயாவது ஏதாவது சொல்லேன்" என்றான் அதனிடம்.

"நான் சொல்ல வேண்டிய நேரத்துல சொன்னேன்" என்றது கண்ணாடி.

இறங்கும்போது வரிசை போட்டார்கள். "நான் கடைசியா வர்றேனுங்க" என்று கரியன் தானே கேட்டான். ஜமீனுக்கு அது பிடித்தது. "நல்ல பிள்ளை" என்றார். அந்தச் சொல்லும் அவன்மேல் ஏறி உட்கார்ந்தது. உண்மையில் அவன் நல்லதுக்காகக் கேட்கவில்லை. கடைசியில் வந்தால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, தன்னையும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றுதான் கேட்டான்.

வழக்கத்தை அவன் மறந்துவிட்டான். அவனுக்கு முன்னால் போவது வெள்ளச்சி.

முதல் வளைவில் அவள் நின்றிருந்தாள். அவன் விளக்கு தெரிந்ததும் நகர்ந்தாள். அடுத்த வளைவிலும் நின்றாள். அதற்கடுத்த வளைவிலும். ஒட்டுப்போட்ட டயரோடு, தொங்குகிற விளக்கோடு, அவன் வருகிறானா என்று பார்த்துவிட்டுத்தான் போனாள். அவன் வேண்டுமென்றே மெதுவாக வந்தான். அவள் அவ்வளவு நேரம் கூடுதலாக நின்றாள். அவன் வேகமாக வந்தான். அப்போது அவளுக்கு நேர் பின்னால் வர வேண்டியிருந்தது, அந்தக் கீறல் கண்ணுக்கு எதிரே வந்தது. அவனுக்குத் தாங்கவில்லை.

அந்த வளைவு வந்தது. சாலை ஓரத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் துண்டுகள் சிதறிக் கிடந்தன. கரியன் அங்கேயே நின்றுவிட்டான். விளக்கையும் அணைத்தான்.

கீழ் வளைவில் வெள்ளச்சி காத்திருந்தாள். வெளிச்சம் வரவில்லை. மெல்லத் திரும்பி மேடேறி வந்தாள்.

"என்ன கரியா, பஞ்சரா?"

"இல்ல." கரியன் விளக்கைப் போடாமலே சொன்னான். "காலையில உன் விளக்கு எனக்குத் தெரிஞ்சுது, வெள்ளச்சி. நீ கூப்புட்டதும் தெரிஞ்சுது."

"எனக்குத் தெரியும்."

கரியன் நிமிர்ந்தான்.

"நீ பிரேக் பிடிச்ச இல்ல? அந்த மஞ்சுல எனக்கு வேற ஒண்ணும் தெரியல. உன் பின்னாடி சிவப்பு விளக்கு எரிஞ்சது மட்டும் தெரிஞ்சுது. அப்பாடா, பார்த்துட்டான், வந்துருவான்னு நெனச்சேன். அப்புறம் அது அணைஞ்சு போச்சு."

"பின்ன ஏன் அப்படிச் சொன்ன? மேல வெச்சு ஏன் என்னைக் காப்பாத்துன?"

வெள்ளச்சி உடைந்த துண்டுகளைப் பார்த்தாள். "நாள் பூரா இங்க ஒத்தையா நின்னேன். எல்லாரும் போயிட்டாங்க, நாம மட்டும் நிக்கறோம்னு இருந்தா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுபோச்சு. மேல வந்தா நீ அதே மாதிரி தள்ளி நின்னுட்டு இருந்த. எனக்குப் பாக்க முடியல."

கரியன் தலை குனிந்து நின்றான்.

"கீழ போனதும் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றான்.

"அது உன் பாடு. இப்ப விளக்கைப் போடு. நாம நிக்கறதால கீழ எல்லாரும் நின்னுட்டு இருப்பாங்க."

அவள் முன்னால் போனாள். கரியன் விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னால் இறங்கினான்.

அடுத்த வளைவில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.