மூன்று படமும் ஒரு பல்லியும்

மாரப்பனுக்கு ஐம்பது தாண்டிய பிறகு ஒரு குரு வாய்த்தார். குருவுக்கு வயது முப்பத்து நாலு. பெயர் கோகிலவாணி. கோவை கணபதியில், மோட்டார் வைண்டிங் கடைக்கு மேல் மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்க்யூட் போர்டு வரையக் கற்றுக்கொடுப்பவர். மாரப்பன் அவரை டீச்சர் என்பார். டீச்சர் அவரை அண்ணா என்பார்.

மாரப்பனுக்குச் சின்னதாக ஒரு பட்டறை. தோட்டத்துக் கிணற்று மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு உள்ளே வைக்கிற போர்டு அங்கே தயாராகிறது. நான்கு பெண்கள் உட்கார்ந்து ஈயத்தை உருக்கிச் சால்டர் வைக்கிறார்கள். வாங்குவது ஒரே ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனி, புகைந்துபோன பெட்டி ஒன்றைத் திருப்பி அனுப்பி, இப்படி நிறைய வருகிறது, போர்டை மாற்றி வரைந்து மாதக் கடைசிக்குள் காட்டுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டது. அந்த ஆர்டர் போனால் பட்டறைக்குப் பூட்டுத்தான்.

பழைய போர்டை வரைந்த மச்சினன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அவனுடைய கம்ப்யூட்டரும் கூடவே போய்விட்டது. புதிதாக வரைய ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். அங்கேதான் மாரப்பன் மாட்டிக்கொண்டார்.

"எதை வாங்கட்டுமுங்க டீச்சர்?"

"எதெது இருக்குங்கண்ணா?"

"மூணு இருக்குங்க. ஒண்ணு சும்மாவே கிடைக்குது. சும்மா கிடைக்கிறது நல்லா இருக்குமான்னு சந்தேகம். ஒண்ணுக்கு மாசா மாசம் கட்டணும். கட்டறதை நிறுத்தினா நாம வரைஞ்சதை நாமளே திறக்க முடியாதுங்கறாங்க. இன்னொண்ணு பெரிய கம்பெனிக்காரங்க வெச்சிருக்கறது. அதைத் திறந்தா எங்க கை வைக்கறதுன்னே தெரியலீங்க."

"பெட்டி ஏன் புகைஞ்சுது?"

"பழைய சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறுங்க. அதான் இந்தத் தடவை நல்லதா ஒண்ணு வாங்கிப்போடலாம்னு."

"மூணையும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கக் குடுப்பாங்க. மூணுலயும் அதே போர்டை வரைஞ்சு எடுத்துட்டு வாங்க" என்றார் டீச்சர்.

அந்த வாரம் முழுக்க மாரப்பன் வரைந்தார். வரையாத நேரத்தில் வீடியோ பார்த்தார். ஒரு வீடியோ முதலாவதுதான் சிறந்தது என்றது. அதற்குக் கீழேயே ஒருவர், இவரை நம்பி மோசம் போனேன் என்று எழுதியிருந்தார். பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது. வீட்டில் மனைவி தோசையா சப்பாத்தியா என்று கேட்டதற்கு, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று தாள்களோடு மாடியேறினார். மூன்றிலும் போர்டு அதன் உண்மையான அளவிலேயே அச்சாகியிருந்தது.

"மூணும் தானா சோதிச்சுப் பார்த்து, பிழை ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுச்சுங்க. அதுலதான் இன்னும் குழப்பம். ஒண்ணாவது தப்புன்னு சொல்லியிருந்தா அதைத் தள்ளியிருப்பேன்."

"திரும்பி வந்த பெட்டி எங்கண்ணா?"

"கீழ ஸ்கூட்டர்ல கிடக்குதுங்க. ஒட்டின டேப்பைக்கூடப் பிரிக்கலை. இந்தச் சாஃப்ட்வேர் வேலைல அதுக்கெங்க நேரம்?"

"எடுத்துட்டு வாங்க."

பெட்டியைத் திறந்ததும் கருகிய வாடை வந்தது. உள்ளே போர்டின்மேல் ஒரு பல்லி காய்ந்து கிடந்தது. கம்பி வந்து சேரும் ஒரு முனையில் அதன் தலை, அடுத்த முனையில் வால். இரண்டையும் ஒன்றாகத் தொட்டதில் கரண்ட் அதன் வழியே பாய்ந்து பெட்டியும் புகைந்திருந்தது.

"அட கருமமே" என்றார் மாரப்பன்.

டீச்சர் ட்வீசர் இடுக்கியால் பல்லியை மெல்லப் பிரித்தெடுத்தார். முதல் தாளின்மேல் வைத்தார். தலை ஒரு முனையில் பட்டது. வால் அடுத்த முனையில் பட்டது.

"இதுல?"

"செத்துருமுங்க."

இரண்டாவது தாள்மேல் வைத்தார்.

"இதுல?"

"இதுலயும் செத்துருமுங்க."

மூன்றாவதில் அவர் கேட்கவில்லை. மாரப்பனே தலையாட்டினார். பிறகு தயங்கித் தயங்கி, "நாலாவதா ஒண்ணு புதுசா வந்திருக்குங்களாம் டீச்சர்" என்றார்.

டீச்சர் ஒரு காலித் தீப்பெட்டியில் பல்லியைப் போட்டு அவரிடம் நீட்டினார். "இதைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் பக்கத்துல வெச்சுக்குங்க."

"நான் கேட்டது சாஃப்ட்வேருங்க."

"தெரியும்ணா."

மாரப்பனுக்குப் படியிறங்கும்போது எரிச்சலாக வந்தது. சாஃப்ட்வேர் கேட்டவனுக்குப் பல்லியைக் கொடுத்து அனுப்புகிற குருவை எங்கே போய்ச் சொல்லிக்கொள்வது? நமக்குப் புரியவில்லையா, டீச்சருக்குப் புரியவில்லையா என்பதே அவருக்குப் பிடிபடவில்லை.

இருந்தாலும் தீப்பெட்டியை மேசைமேல் வைத்தார். சும்மா இருக்கும்போது திறந்து பார்த்தார். ஸ்டார்ட்டர் பெட்டியின் சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிப் பல்லி வரும். இது அவருக்குத் தெரியாத விஷயமா என்ன? ஒரு பூச்சிக்கு ஆசைப்பட்டு வந்து இப்படிக் கருகியிருக்கிறதே என்று பாவமாக இருந்தது. அது கருகிய அன்று ஏதோ ஒரு தோட்டத்தில் தண்ணீரும் நின்றிருக்கும். அவர் கம்ப்யூட்டரில் எது திறந்து கிடந்ததோ அதில் முனைகளைத் தள்ளி வரைந்து, அச்செடுத்து, பல்லியை வைத்துப் பார்த்தார். வால் பட்டது. இன்னும் தள்ளி வரைந்தார். இப்போது பல்லியைத் திருப்பிப் போட்டால் பட்டது. அந்த வாரம் வீடியோ பார்த்த ஞாபகமே அவருக்கு இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

அடுத்த ஞாயிறு அவர் கையில் ஒரே ஒரு தாள் இருந்தது, சட்டைப் பையில் தீப்பெட்டி. மறுநாள் கம்பெனிக்குக் காட்டியாக வேண்டும்.

டீச்சர் தாளை மேசையில் விரித்து, தீப்பெட்டியைத் திறந்து பல்லியை வைத்தார். நேராக வைத்தார், குறுக்காக வைத்தார், மூலைக்கு மூலை வைத்தார். தலை ஒரு முனையைத் தொட்டால் வால் அடுத்த முனைக்கு எட்டவில்லை.

"பொழைச்சுக்கும்" என்றார் டீச்சர். "நாளைக்குத் தைரியமா எடுத்துட்டுப் போங்க."

மாரப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். தாளைச் சுருட்டிக்கொண்டு வாசல்வரை போனவர், நினைவு வந்தவராகத் திரும்பினார்.

"டீச்சர், மூணுல எதை வாங்கறதுன்னு நீங்க கடைசிவரைக்கும் சொல்லவே இல்லீங்களே?"

"இதை எதுலண்ணா வரைஞ்சீங்க?"

மாரப்பன் தாளை விரித்து, ஓரத்தில் எங்காவது சாஃப்ட்வேரின் பெயர் போட்டிருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்.