ஆளில்லாத அறைக்கு மூன்று ஏசி

மின் அலுவலகத்தில் வயர்மேன் வேலை பார்த்தவள் இசக்கியம்மாள். ஒருநாள் பொறியாளர் தாமோதரன் எல்லார் முன்னாலும் அவளிடம் சொன்னார்:

"நாம எரிக்கிற கரண்டுக்கு அனல்மின் நிலையத்துல நிலக்கரி புகையுது. ஒரே வாரத்துல நம்ம ஆபீஸ் கரண்டைப் பாதியாக்கணும். ஆனா ஒருத்தர் ஃபேனும் நிக்கக் கூடாது. முடியலைன்னா உன்னை மலை மேல இருக்கிற ஆபீசுக்கு மாத்திருவேன்."

இசக்கியம்மாள் அசரவில்லை. "முடிச்சிரலாம் சார். ஆளில்லாத ரூம்ல கரண்டை நிறுத்தலாம்னு எழுதிக் குடுங்க, போதும்."

அவர் சிரித்தபடி கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியூர் கிளம்பினார்.

ஆறாம் நாள் திரும்பியவர், அனலாகக் கொதித்த தன் அறையிலிருந்து கத்திக்கொண்டு வந்தார். "என் ஏசி மூணையும் நிறுத்துனது யாரு?"

"நாந்தான் சார். நீங்க இல்லாதப்பவும் மூணும் ஓடிக்கிட்டே இருக்கும். நிறுத்துனதும் மீட்டர் ஓட்டம் பாதியாயிருச்சு."

அலுவலகமே மீட்டரை எட்டிப் பார்த்தது. தாமோதரன் போய்த் தன் அறை ஜன்னலைத் திறந்தார்.