சும்மா பார்க்க வந்தவர்

ரெஜினாவை யாரும் குரு என்று அழைத்ததில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், இணையதளம் வடிவமைக்கக் கற்றுக்கொடுத்தார். வயது முப்பத்தொன்று. படிக்க வந்த ஐந்து பேரும் அவரை அக்கா என்றார்கள். ஆனால் அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதை ஒரு வாரம் மனதுக்குள் உருட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்த அளவில் அவர் குருதான்.

ஐவரில் ஒருவன் பூவரசன். அவன் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். எதையும் இரண்டு முறை சரிபார்ப்பான். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டேதான் எழுந்திருப்பான்.

ஊர்க் கிளை நூலகத்துக்கு ஓர் இணையதளம் வேண்டுமென்று நூலகர் அன்சாரி கேட்டு வந்தார். வாசகர்கள் கைபேசியிலேயே புத்தகங்களைப் பார்த்து, வேண்டியதை எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். நூலகத்துக்குள்ளும் ஒரு தொடுதிரை வரப்போகிறது. ரெஜினா அந்த வேலையைப் பூவரசனிடம் கொடுத்தார்.

அன்றைக்கு அவன் கேட்டான்.

"பார்த்ததுமே புரியற மாதிரி ஒரு பக்கத்தை எப்படிக்கா செய்யறது?"

"புதுசா எதையும் கத்துக்க வைக்காதே. அவங்க கை ஏற்கெனவே பழகின ஒண்ணை வரை."

அவ்வளவுதான் சொன்னார்.

பூவரசன் மூன்று வாரம் உழைத்தான். நூலகம் என்றால் என்னென்ன இருக்கும் என்று பட்டியல் போட்டான். படங்கள் தேடினான். கடைசியில் திரையில் ஒரு தேக்குக் கதவு வந்து நின்றது. பித்தளைக் கைப்பிடியைத் தொட்டால் கிறீச்சென்று திறக்கும். உள்ளே கூரை முட்டும் அலமாரிகள். ஓரமாகச் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகத்திலும் ஓர் எழுத்து. எழுத்தைத் தொட்டால் இழுப்பறை நீண்டு வந்து புத்தகப் பெயர் எழுதிய அட்டைகளைக் காட்டும். நடுவே ஒரு மேசை விளக்கு. அதைத் தொட்டால் விளக்கு அணைந்து திரை மங்கும், கண் கூசுகிறவர்களுக்காக.

கூடப் படித்தவர்கள் அந்தக் கதவை மட்டுமே பத்துப் பதினைந்து முறை திறந்து மூடினார்கள். இந்த ஜமீனுக்கு மாப்பிள்ளை தேவைப்பட்டால் சொல்லு என்றான் ஒருவன். பூவரசனுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

ரெஜினா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சனிக்கிழமை நூலகத்துக்குக் கொண்டுபோய் ஒரு வாசகர் முன்னால் வை என்றார். விதி என்ன என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாடிக்கு வரும் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவார். செய்தவன், பார்ப்பவருக்குப் பின்னால் உட்கார வேண்டும். அவர் திணறலாம், தவறான இடத்தைத் தொடலாம், திட்டலாம். செய்தவன் வாய் திறக்கக் கூடாது.

சனிக்கிழமை அன்சாரி ஒரு வாசகரைக் காட்டினார். பெயர் பரிமளா. கடைவீதியில் ரவிக்கை தைக்கும் கடையில் வேலை. சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வந்து இரண்டு கதைப் புத்தகம் எடுத்துப்போவது பத்து வருட வழக்கமாம். பூவரசன் தொடுதிரை மடிக்கணினியைத் திறப்பதற்குள் அவர் புத்தகங்களையே எடுத்து முடித்திருந்தார். அவற்றை மேசையில் வைத்துவிட்டுத் திரை முன்னால் வந்தார்.

கதவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னிக்கு லீவா தம்பி?"

பூவரசன் வாய் திறக்கவில்லை.

"நான்தான் உள்ளே நிக்கிறேனே," என்று அன்சாரியைப் பார்த்துச் சிரித்தார். அன்சாரி சிரிப்பை மறைக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எப்படியோ விரல் பட்டுக் கதவு திறந்தது. அந்தச் சத்தத்துக்குப் பரிமளா ஓர் அடி பின்னால் போனார். இழுப்பறைகளைப் பார்த்துவிட்டு, இது மருந்துக் கடையா, முட்டிவலிக்கு எந்த டப்பா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் வந்து நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஓர் எழுத்தைத் தொட்டார். வரிசையாக அட்டைகள் வந்தன. புத்தகங்கள் எங்கே என்று தேடினார். அட்டைகளை விட்டுவிட்டு விளக்கைத் தொட்டார். திரை இருண்டது.

பரிமளா கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். தான் ஒன்றும் செய்யவில்லை, தானாகத்தான் அணைந்தது என்றார். அதைப் பின்னால் நின்றவர்களிடமும் திரும்பி ஒருமுறை சொன்னார்.

பூவரசனால் அதற்கு மேல் முடியவில்லை.

"ரொம்ப சுலபம்மா இது," என்றான். சொல்லும்போது சிரித்தும் விட்டான். "சும்மா தொட்டாப் போதும்."

பரிமளா சிரிக்கவில்லை. தொட்ட விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"இல்ல தம்பி. நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்."

போய்விட்டார். அவர் எடுத்த இரண்டு புத்தகங்களும் மேசையிலேயே கிடந்தன.

திங்கட்கிழமை பூவரசன் நடந்ததை எல்லாம் ரெஜினாவிடம் சொன்னான், தான் பேசிய ஒரு வரியைத் தவிர. அந்தம்மாவுக்குத் திரை பழக்கமில்லை, கொஞ்சம் படித்த வாசகராகப் பார்த்து இன்னொரு முறை வைக்கலாம் என்றும் சொன்னான்.

ரெஜினா கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த இழுப்பறை. நீ எப்பவாவது இழுத்திருக்கியா?"

"இல்லக்கா."

"எங்க பார்த்தே?"

"படத்துல."

"எந்த ஊர்ப் படம்?"

அது அவனுக்குத் தெரியவில்லை.

வரும் சனிக்கிழமையும் நூலகத்துக்குப் போ என்றார் ரெஜினா. மடிக்கணினி வேண்டாம், கைபேசியை வெளியே எடுக்காதே, திறந்ததிலிருந்து மூடும்வரை சும்மா உட்கார்ந்திரு என்றார்.

உட்கார்ந்தான். கதவு இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது. அது அசையாமல் இருக்க யாரோ ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். உள்ளே வந்தவர்களில் ஒருவர்கூட நேராக அலமாரிக்குப் போகவில்லை. அன்சாரியின் பக்கத்தில், அன்று திருப்பிக் கொடுத்த புத்தகங்கள் ஒரு மேசையில் குவிந்து கிடந்தன. எல்லோரும் அங்கேதான் போனார்கள். ஒன்றை எடுப்பார்கள். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்ப்பார்கள். அதில் தேதி முத்திரைகள் நெருக்கமாக இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். முத்திரை குறைவாக இருந்தால் வைத்துவிடுவார்கள்.

சாயங்காலம் நான் எடுத்து அடுக்கிடுவேன், அலமாரிக்குள்ள போயிட்டா அப்புறம் அதுக்கும் தூசிக்கும்தான் சொந்தம் என்றார் அன்சாரி.



கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் பூவரசன் அங்கிருந்த நூலகத்துக்குப் போனான். வாசலில் இருந்தவர் என்ன வேணும் என்று கேட்டார். புத்தகம் வேண்டும் என்றால் எந்தப் புத்தகம் என்பார். எந்தப் புத்தகத்தின் பெயரும் அவனுக்குத் தெரியாது. உள்ளே அலமாரிகளில் எண்கள் எழுதியிருந்தன. அவன் சொன்னான்: "சும்மா பாக்க வந்தேன் சார்." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். ஒரு மாதம் கழித்துத்தான் திரும்பப் போனான். திருப்பிய புத்தகங்களைப் போட்டு வைக்கும் தள்ளுவண்டி ஒன்று வாசலை ஒட்டி நின்றது. அதிலிருந்து எடுத்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. மூன்று வருடமும் அந்த வண்டியிலிருந்துதான் படித்தான். அடுத்தவர் தின்று வைத்த மிச்சம் என்று நினைத்தான். அதனால் யாரிடமும் சொன்னதில்லை.

பரிமளா அன்று வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அன்சாரி இரண்டு முறை எழுந்து வாசலைப் பார்த்தார். அடைமழையில்கூட வந்தவராச்சே என்றார். அந்த இரண்டு புத்தகங்களையும் அவர் இன்னும் அலமாரியில் அடுக்கவில்லை.

பூவரசன் வாரம் முழுக்க இருந்து பக்கத்தை மாற்றினான். கதவை எடுத்தான், இழுப்பறையை எடுத்தான், விளக்கை எடுத்தான். ஒரு மேசையை வரைந்தான். அன்றன்றைக்குத் திரும்பிய புத்தகங்கள் அதில் கோணல்மாணலாகக் கிடக்கும். ஒன்றைத் தொட்டால் அது புரண்டு, பின்பக்கத்து முத்திரைத் தாளைக் காட்டும்.

முடித்ததும் மாடிக்குப் போகவில்லை. அன்சாரியிடம் அந்த இரண்டு புத்தகங்களையும் பரிமளா பெயரில் பதிந்து வாங்கிக்கொண்டு தையல் கடைக்குப் போனான்.

பரிமளா அவனைப் பார்த்தார். தையல் இயந்திரத்தை மிதிப்பதை நிறுத்தவில்லை. அவன் புத்தகங்களைத் துணிக் குவியலின் ஓரத்தில் வைத்தான்.

"இனிமே அந்தப் பொட்டியிலதானே எடுக்கணும்," என்றார். "எனக்கு அதெல்லாம் வராது தம்பி. விடு."

யார் அப்படிச் சொன்னது என்று கேட்டான்.

"யாரு சொல்லணும். புதுசு வந்தா பழசை எடுத்துருவாங்கதானே."

அப்படி இல்லை, அந்த மேசை அங்கேயே இருக்கும் என்றான் அவன்.

"நீ படிச்ச புள்ள. உனக்குச் சுலபம்."

அவன் அங்கேயே நின்றான். துணிகளில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டு சொன்னான்.

"எனக்கும் சுலபமா இல்லம்மா. காலேஜ் லைப்ரரியில மொத நாள் என்ன வேணும்னு கேட்டாங்க. சும்மா பாக்க வந்தேன்னு சொல்லிட்டு நானும் ஓடி வந்துட்டேன்."

இயந்திரம் நின்றது.

"அப்புறம் எப்படிப் படிச்சே?"

"திரும்பி வந்த புஸ்தகமெல்லாம் ஒரு வண்டியில கிடக்கும். அதுலேருந்து எடுத்துக்குவேன்."

பரிமளா இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"எல்லாரும் அப்படித்தானேப்பா எடுப்பாங்க," என்றார்.

அதைக் கேட்டதும் அவனால் நிமிர முடியாமல் போனது. ஓடி வந்ததைவிட, இத்தனை வருடம் அதை ஒளித்து வைத்திருந்தது அதிகமாகக் கூசியது.

கதவை எடுத்துவிட்டு அன்சாரியின் மேசையையே வரைந்திருப்பதாகச் சொன்னான். பரிமளாவே கேட்டுத்தான் அவன் கைபேசியை வாங்கினார். திரையில் மேசையைப் பார்த்தார். அவன் பின்னால் போய் நின்றுகொண்டான். இந்த முறை பேசவில்லை. மேலே கிடந்த ஒரு புத்தகத்தை அவர் விரலால் தொட்டார். அது புரண்டது. முத்திரைகளை எண்ணினார்.

"பதினேழு பேர் எடுத்திருக்காங்க. நல்லாத்தான் இருக்கும்."

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். அவன் கொண்டுவந்த இரண்டையும் எடுத்து இயந்திரத்துக்குக் கீழே, காலில் படாத இடமாகப் பார்த்து வைத்தார். சனிக்கிழமைக்குள் முடிக்க முடியுமா தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

மாடியில் ரெஜினா தனியாக இருந்தார். பூவரசன் மறுபடி முதலிலிருந்து சொன்னான். ரொம்ப சுலபம் என்று தான் சொன்னதையும், சிரித்ததையும், அதை முதல் முறை மறைத்ததையும் சொன்னான். தள்ளுவண்டியைப் பற்றியும் சொன்னான். ரெஜினா புதிய பக்கத்தைப் பார்த்தார். இரண்டு புத்தகங்களைத் தொட்டுப் புரட்டினார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.

பூவரசன் எழுந்து போகவில்லை.

"அந்த வாசல்ல நின்னு திரும்பிப் போனவன்தான்க்கா நானும். அந்தம்மா அதே வார்த்தையைச் சொல்றாங்க, அப்பவும் எனக்கு உறைக்கலை. அது எப்படிக்கா?"

ரெஜினா பழைய பக்கத்தைத் தேடி முதல் முறையாகத் திறந்தார். தேக்குக் கதவு வந்து மூடி நின்றது. அதை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதை வரையறப்போ நீ கதவுக்கு எந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருந்தே?"