மைக் மூடியிருக்கிறதா?

"அம்மா, அந்தப் பட்டனை அமுக்கினா திரையில ஒண்ணுமே வரமாட்டேங்குது" என்றார் நல்லபெருமாள்.

"எந்தப் பட்டன்?"

"கீபோர்டுல மைக்கை மூடுற பட்டன்."

நல்லபெருமாளுக்கு வயது அறுபத்துமூன்று. ஆசிரமத்தின் காலைப் பேச்சைக் கம்ப்யூட்டர் வழியாக வெளியூர் அன்பர்களுக்கு நேரலையில் அனுப்புகிறவர் அவர்தான். குரு திலகவதி அம்மாவுக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. ஆனாலும் குரு குருதான். இவர் அவரை அம்மா என்பார், அவர் இவரை ஐயா என்பார்.

"பழைய கம்ப்யூட்டர்ல அமுக்கினதும் குட்டி மைக் படம் ஒண்ணு எட்டிப்பார்க்கும். மூடியிருந்தா மேல சிவப்புக் கோடு விழும். புதுசுல ஒரு மண்ணும் தெரியல. மூடியிருக்கா, திறந்திருக்கா, யார் கண்டா?"

"அதுக்கு ஏன் ஐயா இவ்வளவு பதற்றம்?"

அவர் துண்டை எடுத்து கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

பாவம், மனிதருக்கு நேற்றிலிருந்து நிம்மதியில்லை. நேற்றுப் பேச்சின் நடுவே அம்மா எல்லார் முன்னாலும், "ஐயா, சத்தம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டார். அந்தக் கடுப்பு. இடைவேளையில் பட்டனை அமுக்கினார். படம் வரவில்லை. சந்தேகத்தில் இன்னொரு தடவை அமுக்கினார். அப்புறம் இன்னொரு தடவை.

அட, மூடுவதும் திறப்பதும் ஒரே பட்டன்! மூன்று தடவையா நான்கு தடவையா என்பதே மறந்துபோயிற்று. அந்த லட்சணத்தில், மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே, சமையல்காரர் பரஞ்சோதியிடம் வாயை விட்டார்.

நேரலையைப் பதிவுசெய்து வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. போட்டுக் கேட்டுப் பார்க்கவும் வழியில்லை. நேற்று முழுக்க எந்தப் போன் அடித்தாலும் அது தன்னைப் பற்றித்தான் என்று செத்துப் பிழைத்தார். கஞ்சி இறங்கவில்லை. அம்மா போகச் சொல்லிவிட்டால் போக அவருக்கு வேறு கூரை கிடையாது.

அம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அமைப்புகளுக்குள் எங்கேயோ போய் எதையோ தட்டினார். பிறகு பட்டனை அமுக்கினார்.

திரையின் மூலையில் குட்டி மைக். மேலே சிவப்புக் கோடு.

"அப்பாடா!" என்றார் நல்லபெருமாள்.

"இப்போ மூடியிருக்கு. தெரியுதா?"

"நல்லாத் தெரியுதும்மா."

"நேரலை ஓடுது. நாற்பத்தோரு பேர் காத்திருக்காங்க. ஆனா நாம பேசுறது கேட்காது."

"கேட்காது."

"அப்போ நேத்து சொன்னதைச் சொல்லுங்க."



"அம்மா... உங்க காதுக்கு வந்துருச்சா?"

"உங்க பயம்தான் வந்தது. நீங்க உள்ளே வரும்போதே."

"யாரும் போன் பண்ணலையா?"

அம்மா கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவர் சிவப்புக் கோட்டையே பார்த்தார். இங்கே மெல்லச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த நாற்பத்தோரு பேரில் நேற்று யார் கேட்டார்களோ, யார் கேட்கவில்லையோ! நாளைக்கும் போன் அடிக்கும். நாளை மறுநாளும் அடிக்கும். ஒவ்வொன்றுக்கும் சாக வேண்டும்.

விரலை நீட்டினார். ஒரே ஒரு தடவை அமுக்கினார்.

கோடு போய்விட்டது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் நல்லபெருமாள். மைக் பார்க்கிறவன்." மைக்கை நோக்கிக் குனிந்தார். "நேத்து இடைவேளையில அம்மாவைப் பத்தி, 'எனக்கு மக வயசு, நாலு புத்தகத்தைப் படிச்சிட்டு வந்து ஒப்பிக்கிறா'ன்னு சொன்னேன். கேட்டவங்களும் கேட்டுக்குங்க, கேட்காதவங்களும் கேட்டுக்குங்க."

திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"ம்" என்றார் அம்மா. "மிச்சமும் இருக்குமே, மேல சொல்லுங்க."