லாரி அக்காவின் கம்ப்யூட்டர்

நாகர்கோவிலில் ஒரு மாடிப்படியின் முடிவில் ஆசானின் கேமிங் சென்டர் இருந்தது. சில கம்ப்யூட்டர்கள், ஒரு ஏசி, ஒரே ஒரு விதி: செருப்பு வாசலோடு நிற்க வேண்டும். பக்திக்காக அல்ல. தூசி உள்ளே போனால் மெஷினுக்கு மூச்சு முட்டும்.

ஆசானுக்கு வயது இருபத்தைந்து. பெயர் பெனிஷா. ஆசான் என்பது அவளிடம் தோற்ற பையன்கள் கிண்டலுக்கு வைத்த பட்டம். அவர்கள் தோற்றுக்கொண்டே இருந்ததால் கிண்டல் போய்விட்டது, பட்டம் தங்கிவிட்டது.

வசந்தபாய்க்கு நாற்பத்து மூன்று. பக்கத்து ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வருவாள். டிபன் டப்பாவைத் திறக்க மாட்டாள். நேராக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுவாள். பனி கொட்டும் மலைப்பாதையில் வீடு மாதிரி ஒரு லாரி. அதில் ஒரு கீறல் விழாது. வீட்டில் அவள் கைக்கு ஸ்கூட்டர் சாவிகூட வந்ததில்லை.

பையன்கள் அவளை லாரி அக்கா என்றார்கள். லாரியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்தவள் ஆசான். அதனால் மூத்தவள் சிஷ்யை ஆனாள், இளையவள் குரு.

அன்று வசந்தபாய் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். லாரியைத் தொடவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஆசானே, ஒரு கேள்வி."

"கேளுங்க அக்கா."

"கீழ ரோட்டுக் கடையில ஒரு கேமிங் கம்ப்யூட்டர் கெடக்கு. எல்லாம் மாட்டி ரெடியா. ஐம்பத்தெட்டாயிரம். அந்த விலை இன்னைக்கு மட்டும்தானாம். வாங்கலாமா, வேண்டாமா?"

"காசு இருக்கா?"

"சீட்டு விழுந்திருக்கு. எனக்க சொந்தக் காசு."

"அப்புறம் என்ன?"

"பயமா இருக்கு."

"எதுக்கு?"

வசந்தபாய் சுற்றிலும் பார்த்தாள். எல்லாப் பையன்களின் காதிலும் ஹெட்போன் இருந்தது. அப்படியும் குரலைத் தாழ்த்தினாள்.

"கெட்டுப்போச்சுன்னா?"

"ரிப்பேர் பண்ணலாம்."

"உங்களுக்குத் தெரியாது ஆசானே. ஏழு வருஷம் முன்னால நானா ஒரு மிக்ஸி வாங்கினேன். முதல் வாரமே புகைஞ்சு போச்சு. அது செத்துட்டு. ஆனா எனக்க வீட்டுல இன்னும் அதுக்கு அடக்கம் நடக்கல்ல. குழம்புல உப்பு கூடினா, மிக்ஸி வாங்கினவதானேன்னு சொல்லுவாங்க. கரண்டு போனா, இவ என்னத்தையாவது வாங்கியிருப்பா. இதுவும் கெட்டுச்சுன்னு வைங்க, அதோட முடிஞ்சுது. எனக்குன்னு ஒண்ணு வேணும்னு இனி நான் வாய் திறக்க முடியாது."

அவள் கணவர் வாங்கிய பழைய கார் அதே ஏழு வருடத்தில் பல தடவை நடுரோட்டில் நின்றிருக்கிறது. கோயில் கொடைத் திருவிழாவன்று, மாமியாரை ஏற்றிக்கொண்டு போகும்போதுகூட நின்றது. காருக்கு நேரம் சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆசான் கேட்டுக்கொண்டாள். வசந்தபாய் அடுத்த கேள்விக்குப் போனாள்.

"பாகம் பாகமா வாங்கி மாட்டினா காசு குறையும்னு பையன்மாரு சொல்லுகானுவ."

"குறையும். நின்னு போச்சுன்னா எது கெட்டுச்சுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு கடைக்கு நடக்கணும்."

"ஐயோ."

"மாட்டினதை வாங்கினா ஒரே கடைக்கு நடந்தாப் போதும்."

"அப்போ அதுதானே நல்லது?"

"கடைக்காரர் ஃபோனை எடுக்கிற ஆளா இருந்தா நல்லது."

"பயத்தைக் குறைச்சுத் தருவீங்கன்னு வந்தேன். நீங்க கூட்டித் தாறீங்க."

ஆசான் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டாள்.

கடையில் அந்த கம்ப்யூட்டர் கண்ணாடிக் கூண்டுக்குள் நீலமும் சிவப்புமாக மினுங்கியது. மீன்தொட்டி மாதிரி. திருகாணியின் மேல் வெள்ளி நிறத்தில் ஒரு ஸ்டிக்கர். அது கிழிந்தால் வாரண்டி இல்லை. டிவி மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக்கைக்கூட உரிக்காமல் வருடக்கணக்கில் படம் பார்க்கிற ஆட்கள்தான் அந்தக் கடைக்கு வருவார்கள். ஸ்டிக்கர் முழுசாக இருந்தால் போதும், உள்ளே இருப்பதும் முழுசு என்று நம்புவார்கள்.

"பையனுக்கா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"ஆமா" என்றாள் வசந்தபாய்.

அவளுக்கு ஒரு மகன் இருந்தான். கால்பந்தைத் தவிர அவன் எதையும் கேட்டதில்லை.

ஆசான் அவளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கடைக்காரரிடம் திரும்பினாள்.

"அண்ணே, இதுல பவர் சப்ளை என்ன கம்பெனி?"

"நல்ல கம்பெனி."

"நல்ல கம்பெனிக்குப் பேரு இருக்கும்லா?"

கடைக்காரர் சிரித்தார். "தங்கச்சி, கிராபிக்ஸ் கார்டைப் பாருங்க. லைட்டைப் பாருங்க. பவர் சப்ளையை எவன் பாக்கான்? அது சும்மா கரண்டு வாங்கிக் கொடுக்கிற டப்பா."

"லைட்டு போட்டு வச்சதெல்லாம் தன்னால தெரியுது. மட்டமா இருந்தா எல்லாத்தையும் புகைய வைக்கிற அந்த டப்பாவை மட்டும் மூடி வச்சிருக்கீங்க. நாங்க அதைப் பாக்கணும்."

"பிரிச்சா சீல் போயிரும்."

"உங்க சீல்தானே? பிரிச்சுக் காட்டிட்டு வேற ஒண்ணு ஒட்டுங்க. மேல ஒரு கையெழுத்தும் போடுங்க."

"இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்ல."

"நாங்க கேக்கோம்."

வசந்தபாய் ஆசானின் துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம் ஆசானே. அவரு கோபப்படப் போறாரு."

"கோபப்பட்டா என்ன?"

"நமக்குத் தர மாட்டாரு."

"தருவாரு. பிரிங்கண்ணே."

கடைக்காரர் முனகிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ஸ்டிக்கர் கிழிகிற சத்தம் மிகச் சின்னதுதான். வசந்தபாய் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தன் தோலைக் கிழித்த மாதிரி தோளைக் குறுக்கினாள்.

ஆசான் டார்ச்சை அவள் கையில் கொடுத்தாள். "நீங்க பாத்துச் சொல்லுங்க."

"எனக்கு என்ன தெரியும்?"

"படிக்கத் தெரியும்லா?"

வசந்தபாய் டார்ச்சைப் பெட்டிக்குள் அடித்துத் தேடினாள். வெளிச்சம் பவர் சப்ளையின் லேபிளில் நின்றது. அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். கம்பெனி பெயர், வாட்ஸ், கூட ஒரு தர முத்திரை.

"நல்லதுதான்" என்றாள் ஆசான்.

"நான்தான் சொன்னேனே" என்றார் கடைக்காரர்.

"நீங்க பேரைச் சொல்லலண்ணே."

ஆசான் தான் கொண்டுவந்த ஹார்ட் டிஸ்கிலிருந்து லாரி விளையாட்டை ஏற்றினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "ஓட்டுங்க அக்கா. நான் நிறுத்துங்கன்னு சொல்ற வரைக்கும்."

"கடையில வச்சா? எல்லாரும் பாப்பாங்களே."

"பாக்கட்டும்."

வசந்தபாய் உட்கார்ந்தாள். மலைப்பாதை வந்தது. பனி வந்தது. ஏற்றத்தில் கம்ப்யூட்டரின் ஃபேன் உறுமத் தொடங்கியதும் அவள் விரல்கள் கீபோர்டை விட்டு எழும்பின. பெட்டியிலிருந்து புகை வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. வெறும் சூடான காற்று வந்தது.

நடுவில் பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. கணவர். லாரி பள்ளத்தின் ஓரத்துக்குச் சரிந்தது. அவள் அதைத் திருப்பிப் பாதைக்குக் கொண்டுவந்தாள். ஃபோன் தானாக ஓய்ந்தது.

கடைக்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார். "மேடம், நீங்களா ஓட்டுறீங்க?" என்றார். டீ ஆறியது.

வெகுநேரம் கழித்து ஆசான், "போதும்" என்றாள்.

கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை, திணறவில்லை. கடைக்காரர் புது ஸ்டிக்கரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். "பேக் பண்ணட்டுமா?" என்று கேட்டார்.

வசந்தபாய் ஆசானைக் கதவுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"சொல்லுங்க ஆசானே. வாங்கலாமா?"

"உங்க காசுக்கு இது சரியான மெஷின். நீங்களே பாத்தாச்சு."

பயம் இந்த இடத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அவள் முகம் முன்னைவிட வெளுத்திருந்தது.

"இடி விழுந்தா?"

"பிளக்கைப் பிடுங்கிப் போடுங்க."

"எலி வயரைக் கடிச்சா?"

"வயரு கடையில கிடைக்கும்."

"அடுத்த மாசம் விலை குறைஞ்சா?"

"குறையும். அதுக்கு அடுத்த மாசமும் குறையும்."

"நாளைக்கு ஒரு நாள் யோசிச்சிட்டு..."

"நாளைக்கு வேற விலைன்னு நீங்கதானே சொன்னீங்க."

வசந்தபாய் உதட்டைக் கடித்தாள். கண் நிறைந்துவிட்டது.

"உங்களுக்கு என்ன ஆசானே, தனியாள். இது கெட்டுப்போச்சுன்னா அவருகிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

"என்ன சொல்லுவீங்க?"

"பையன்தான் பிடிவாதம் பிடிச்சான், நான் வேண்டாம்னுதான் சொன்னேன், கடைக்காரன் பசப்பி ஏமாத்திட்டான், எனக்கு அந்த அளவுக்கு விவரம் ஏது, பாதிக் காசையாவது திருப்பி வாங்கிரலாம், இனிமே உங்களைக் கேக்காம ஒரு ஊசிகூட வாங்க மாட்டேன்."

ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. மூச்சுகூட வாங்கவில்லை.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது போலிருந்தது. "பாத்திரம் கழுவும்போதெல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பாப்பேன்" என்றாள் மெதுவாக.

ஆசான் தலையாட்டினாள்.

"சரி. அது நல்லா ஓடிச்சுன்னா என்ன சொல்லுவீங்க அக்கா?"

வசந்தபாய் வாயைத் திறந்தாள். அந்தப் பதிலை அவள் ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்த்ததில்லை.