பின்பக்கத்து மூன்று எண்

திருநெல்வேலிப் பல் டாக்டர் செண்பகவல்லி, மருந்து வாங்க உதவியாளர் கோமதியிடம்தான் தன் வங்கிக் கார்டைக் கொடுப்பார். பதினெட்டு வருஷ மேனேஜர் வைகுண்டத்துக்கு அதில் தீராத வயிற்றெரிச்சல்.

ஒருநாள் அந்தக் கார்டில் யாரோ ஓ.டி.பி. கேட்காத வெளிநாட்டு இணையக்கடையில் கைக்கடிகாரம் வாங்கியிருந்தார்கள்.

"கோமதிதான் டாக்டர். கார்டு பின்னாடி இருக்கிற மூணு நம்பரைப் பாத்திருப்பா" என்றார் வைகுண்டம்.

"பாக்க வேண்டியதே இல்ல சார். என்மேல நம்பிக்கை வச்சு டாக்டரே சொல்லியிருக்காங்க. முன்னூத்திப் பதினெட்டு" என்றாள் கோமதி.

வைகுண்டத்துக்குப் பொறுக்கவில்லை. "உன்கிட்டச் சொன்னாங்களாக்கும். அது எழுநூத்தி நாப்பத்திரெண்டு."

டாக்டர் கார்டைத் திருப்பிப் பார்த்தார். எழுநூற்று நாற்பத்திரண்டேதான்.

"நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது, வைகுண்டம்?"



பழைய கார்டை முடக்கிவிட்டு, புதியதின் பின்பக்க எண்ணை மனப்பாடம் செய்து, அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்து, டாக்டர் மறுபடியும் கோமதியிடமே கொடுத்தார்.