குமுதவல்லி பார்த்த மரங்கள்

மெய்யம்மைக்கு வயது நாற்பத்திரண்டு. அவரிடம் தியானம் பழக வந்தவர்களில் தணிகாசலம்தான் மூத்தவர். அறுபத்தெட்டு வயது. ரயில்வேயில் கால அட்டவணை போடும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிட அவ்வளவு சிறியவரை அவர் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். மெய்யம்மை அவரை "ஐயா" என்பார்.

ஒரு காலை, எல்லோரும் எழுந்துபோன பிறகும் தணிகாசலம் உட்கார்ந்தே இருந்தார். பிறகு தன் மனைவி குமுதவல்லியின் கண்களைப் பற்றிச் சொன்னார். கண்ணில் அழுத்தம் ஏறி ஓரப் பார்வை முழுவதும் போய்விட்டது. சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் கொஞ்சம் மிச்சம். அதுவும் ஆறு மாதம் இருந்தால் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

குமுதவல்லிக்கு மரங்கள் என்றால் உயிர். மலைமேல் இருக்கும் மரப்பூங்காவுக்கு ஒருமுறை போகவேண்டும் என்று கல்யாணமான புதிதில் கேட்டிருந்தார். வேலை, பிள்ளைகள், மாற்றல் என்று நாற்பது வருடம் ஓடிவிட்டது.

தணிகாசலம் ஒரு தாளை விரித்தார். பூங்காவின் வரைபடத்தை அவரே வரைந்திருந்தார். அறுபத்து மூன்று மரங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம், அடுத்ததற்கு நடக்க இரண்டு நிமிடம். ரோஜாத் தோட்டத்துக்கு இருபது நிமிடம். திரும்பும் பஸ் நாலரைக்கு.

"ஒரு நாளைக்கு மேல அவளால அலைய முடியாதும்மா. அதுக்குள்ள எதையும் விட்டுடாம காட்டிட முடியுமா?"

மெய்யம்மை தாளை முழுவதும் படித்தார். மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று கேட்டார்.

சாப்பாட்டுக்கு நேரம் ஒதுக்கவே இல்லை என்பது அப்போதுதான் தணிகாசலத்துக்குத் தெரிந்தது.

"நானும் வரேன்," என்றார் மெய்யம்மை. "புளிசாதம் கட்டிட்டு வரேன்."

அடுத்த வாரம் மூவரும் முதல் பஸ்ஸில் மலையேறினார்கள். ஒன்பது மணிக்குப் பூங்காவின் கேட் திறந்தது. முதல் பன்னிரண்டு மரங்கள் வரை எல்லாம் திட்டப்படியே நடந்தது. தணிகாசலம் பலகையில் இருந்த பெயரைப் படிப்பார். குமுதவல்லி முகத்தைக் கிட்டே கொண்டுபோய் ஓர் இலையை, ஒரு கணுவை, பட்டையின் ஒரு வெடிப்பைப் பார்ப்பார். அண்ணாந்து மரத்தைத் தேடுவதற்குள் நான்கு நிமிடம் முடிந்துவிடும்.

பதின்மூன்றாவது மரத்துக்குப் போகும் வழியில், பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. கொஞ்ச நேரத்தில் மரங்கள் மறைந்தன. பிறகு பாதையும் மறைந்தது. ஒதுங்க இடம் தேடி, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு தணிகாசலம் வேகமாக நடந்தார். ஈர வேரில் கால் வழுக்கியது. முழங்கால் மண்ணில் இடிக்க விழுந்தவர் எழுந்து பார்த்தால், சுற்றிலும் வெள்ளை. கையில் குமுதவல்லியின் கை இல்லை.

"குமுதா, அங்கேயே நில்லு. நான் எந்தப் பக்கம் இருக்கேன்னே தெரியலை."

"நீங்க நகராதீங்க. நான் வரேன்."

குமுதவல்லி தடுமாறாமல் வந்தார். கணவரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பக்கம் சொட்டு கனமா விழுது. பெரிய இலை மரம். தலையை மூடிக்குங்க."

இருவரும் நடந்தார்கள். தரை மெத்தென்று ஆனதும், ஊசியிலை உதிர்ந்து கிடக்கிறது, இங்கே வழுக்கும் என்றார். ஓரிடத்தில் கணவரின் உள்ளங்கையை ஒரு பட்டையின்மேல் வைத்தார். பழைய வேட்டியை மடித்து மடித்து வைத்ததுபோல் இருந்தது. இன்னோரிடத்தில் ஓர் இலையைக் கசக்கி அவர் மூக்கருகே பிடித்தார். கற்பூர வாசனை.

நீ எப்படி இவ்வளவு தைரியமாக நடக்கிறாய் என்று தணிகாசலம் கேட்டார்.

"ஒரு வருஷமா பழகறேன். நீங்க காலைல பால் வாங்கப் போற நேரத்துல, கண்ணை மூடிட்டு வீட்டுக்குள்ள நடப்பேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க ஏற்கெனவே பயந்துபோயிருந்தீங்க."



குமுதவல்லி இரண்டு கைகளாலும் அந்த மரத்தைத் தடவிக்கொண்டு நின்றார். "பார்வை போயிட்டா மரமும் போயிடும்னு நெனச்சிருந்தேன். போகாது போலிருக்கு. நீங்க கூட்டிட்டு வரலேன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்காது."

பேச்சுக் குரலைப் பிடித்தபடி பின்னாலேயே வந்துகொண்டிருந்த மெய்யம்மை அந்த மரத்தடியில் துண்டை விரித்து, பொட்டலங்களைப் பிரித்தார். சாப்பிட்டு முடித்த பிறகும் வெகுநேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

மூன்றரை மணிக்குப் பனி லேசாக விலகியது. கேட்டுக்கு வந்ததும், குமுதவல்லி சருகு கூட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் போய், எல்லா மரத்தையும் நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தணிகாசலம் மெய்யம்மையைப் பார்த்துக் கும்பிட்டார். கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"அவளுக்கு நன்றி சொல்லணும்னு இருக்கும்மா. நாற்பது வருஷம் ஆச்சு, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. இன்னும் பாதிகூடப் பார்க்கலை. அடுத்த மாசம் மறுபடியும் அவளைக் கூட்டிட்டு வரேன்."

"வாங்க ஐயா," என்றார் மெய்யம்மை. "யார் யாரைக் கூட்டிட்டு வர்றதுன்னு மட்டும் வீட்டுல ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்குங்க."